பில்டர் இறுகின சனிக்கிழமைகள்

தம்பி, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கட்டுமா. அந்த லென்ஸ் முன்னாடி பில்டர் கண்ணாடி மாட்டியிருக்கீங்களே, அதைக் கடைசியா எப்பக் கழட்டினீங்க? ஞாபகம் இல்லையா. அதான் நினைச்சேன். இப்பக் கழட்டிப் பாருங்க. பஸ் குலுங்குது, மடியில வச்சு மெதுவா. வருதா? வந்துட்டு. நல்லது. தொடைச்சுட்டு மாட்டிக்குங்க, ரொம்ப முறுக்காதீங்க. இப்பத்தான் எனக்கு நிம்மதி.

யாருடா இந்த ஆளு, பஸ்ல ஏறினதுலேருந்து அதிகாரம் பண்ணுதான்னு நினைக்காதீங்க. நானும் போட்டோக்காரன்தான். தென்காசியில இறங்கி குத்தாலிங்கம் ஸ்டுடியோன்னு கேளுங்க, ஆட்டோக்காரன் கொண்டு வந்து விட்டுருவான். இருபத்தொன்பது வருசம். இப்ப மார்கழி, முகூர்த்தம் கிடையாது, அதனால ஒரு சோலியா மதுரைக்கு வந்துட்டுத் திரும்புதேன். மத்த மாசத்துல என்னைப் பிடிக்க முடியாது.

குத்தாலத்துக்கா போறீங்க? அருவி எடுக்கவா? அப்ப ஒரு கறுப்புக் கண்ணாடி பில்டர் வச்சிருப்பீங்களே. ஆமா, அதேதான். அதை மாட்டினா அருவித் தண்ணி பால் ஊத்தின மாதிரி விழும். கல்யாண ஜோடி எல்லாருக்கும் இப்ப அது வேணும். பின்னாடி பால் கொட்டணும், முன்னாடி இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிக்கணும். சரி, எடுத்துக் குடுக்கோம். ஆனா அதே கண்ணாடியோட கல்யாண மண்டபத்துக்குள்ள போனீங்கன்னா ஒண்ணுமே தெரியாது. பொண்ணும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது. பிளாஷ் அடிச்சாலும் அதுவே முழுங்கிரும். அதைக் கழட்டியே ஆகணும். ஐப்பசியில எனக்கு அது கழலல.

எதனால இறுகிச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நான் எந்தக் குறையும் வைக்கல. ஆயுத பூஜைக்குக் கூட இந்த வருசம் எல்லா வருசத்தையும்விட நல்லாவே செஞ்சேன். சொல்லுதேன் கேளுங்க.

எங்கிட்ட மாடசாமின்னு ஒருத்தன் இருந்தான். எம் பொண்டாட்டி செண்பகத்தோட தம்பி. மச்சினன். பதினோரு வருசம் எங்கூடவே தொழில் பண்ணினான். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற வேலை அவனோடது. அவன் என்ன செய்வான்னா, லென்ஸை மூடி போட்டு மூடிருவான், மூடி மேல கடுகளவு சந்தனம், அதுல புள்ளி மாதிரி குங்குமம். அவ்வளவுதான். மறுநாள் மூடியைக் கழுவிருவான். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. போட்டோ எடுக்கது லென்ஸா, மூடியா? மூடிக்கு எதுக்குல பூஜைன்னு கேப்பேன். சிரிப்பான்.  அவன்கிட்ட எப்பவும் அந்தத் திமிர் உண்டு.

இந்த வருசம் அவன் இல்ல. நானே வச்சேன். பன்னீர் விட்டு சந்தனத்தைக் குழைச்சு, லென்ஸோட வாயைச் சுத்தி, அந்தப் புரி இருக்கில்லா, பில்டரைத் திருகி ஏத்துற புரி, அது மேலயே வளைச்சு அழகாப் பூசினேன். கடை முழுக்க வாசம். மறுநாள் துணியால லேசா ஒரு சுத்து துடைச்சேன். சாமிக்கு வச்சதை அழுத்தித் துடைக்கலாமா? அதுக்கு மேலயே கறுப்பு பில்டரைப் போட்டு நல்லா முறுக்கி மாட்டினேன். நான் ஒண்ணை மாட்டினேன்னா அது தானாக் கழண்டு விழுந்ததாச் சரித்திரம் கிடையாது. பக்தியில ஒரு குறையும் இல்லைன்னு சொல்லத்தான் இதைச் சொல்லுதேன். அப்படியிருந்தும் எனக்கு அந்தச் சோதனை.

மாடசாமி ஏன் இல்லைன்னு கேக்குதீங்க. கேக்கலையா? சரி, நானே சொல்லுதேன்.

வைகாசியில கடையநல்லூர்ல ஒரு கல்யாணம். மேடையில பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்தி எடுத்துக்கிட்டிருக்கேன். இவன் எங்கிட்ட வந்து, பொண்ணோட அப்பா நிக்காரு, அவரு காதுல விழுற மாதிரி, "அத்தான், பின்னாடி ட்யூப்லைட் மாப்பிள்ளை தலையிலேருந்து முளைச்ச மாதிரி விழுது. ரெண்டடி தள்ளி நில்லுங்க"ங்கான். எப்படி இருக்கும் எனக்கு? நான் தள்ளல. நின்ன இடத்துலயே நின்னு எடுத்தேன். ட்யூப்லைட் விழத்தான் செஞ்சுது. அது வேற விசயம். ஆல்பத்துல அதை வெட்டிட்டேன், மாப்பிள்ளை தலையும் கொஞ்சம் போச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல.

அன்னைக்குச் சாயந்தரம் வீட்டுல ரெண்டு பேரும் சாப்பிட உக்காந்தோம். நான் சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். "என் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு எனக்கே பாடம் நடத்துதியால"ன்னேன். அவ்வளவுதான். கோவத்துல எல்லாரும் சொல்லுத வார்த்தைதான் அது. அவன் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சான். கையைக் கழுவினான். கேமரா பையை எங்கிட்டயே வச்சுட்டுப் போயிட்டான். அடுத்த தெருவுல சொந்தமா ஒரு சின்ன ஸ்டுடியோ போட்டான். அதுக்கப்புறம் எங்க வீட்டு நடையை மிதிக்கல, ஒரு வாய் தண்ணி குடிக்கல. செண்பகம் அதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. குழம்புல உப்பு மட்டும் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். அவளுக்கு வயசாகுது.

சரி, ஐப்பசிக்கு வாரேன். இலஞ்சியில ஒரு கல்யாணம். வெள்ளிக்கிழமை ஜோடியை அருவிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பால் கொட்டுற படமெல்லாம் எடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில முகூர்த்தம், கோயில் கல்மண்டபத்துல. அங்க பகல்லயே விளக்கு வேணும். எங்கிட்ட இருட்டுல எடுக்கிற லென்ஸ் அந்த ஒண்ணுதான். இன்னொண்ணுல பூஞ்சை பிடிச்சு ரிப்பேருக்குப் போயிருக்கு. சனிக்கிழமை காலையில பில்டரைக் கழட்டலாம்னு கையை வைக்கேன், அசைய மாட்டேங்குது.

நான் விடுவேனா. பிடிச்சேன் பாருங்க ஒரு பிடி. இந்தக் கையைப் பாருங்க, சின்ன வயசுல கபடி பிடிச்ச கை. நான் அமுக்க அமுக்க அது இன்னும் இறுகுது. வளையம் மெல்லிசு இல்லையா, அமுக்கினா வட்டம் கோணிக்கும், கோணினா புரி கவ்விக்கும். இது எனக்கு அப்பத் தெரியாது. அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் கை கேக்கலைங்கது வேற.

செண்பகத்தோட ரப்பர் பேண்டைச் சுத்திப் பாத்தேன். அறுந்து போச்சு. டீக்கடை சுப்பையா வந்து, ரப்பர் செருப்பைக் கவுத்து வச்சு லென்ஸைத் தலைகீழா அது மேல அமுக்கித் திருப்பணும்னான். சந்தனம் வச்ச பொருளைச் செருப்பு மேல வைக்கவான்னு கேட்டேன். அவன் போயிட்டான். யாரோ பிரிட்ஜ்ல வச்சா உலோகம் சுருங்கும்னாங்க. இட்லி மாவுச் சட்டிக்கும் தயிருக்கும் நடுவுல ஒரு மணி நேரம் வச்சேன். எடுத்தா பனி மூடியிருக்கு, பில்டர் அப்படியே இருக்கு. தேங்காய் எண்ணெய் விடப் போனேன். செண்பகம் கையைப் பிடிச்சுட்டா. எண்ணெய் கண்ணாடிக்குள்ள போனா அப்புறம் லென்ஸையே தூக்கிப் போடணும்னு அவ சொல்லுதா. இவளுக்கு எப்படித் தெரியும்? மெக்கானிக் ஒருத்தன் பைப்பு திருகுற சங்கிலி ரெஞ்சைத் தூக்கிட்டு வந்தான். அதைப் பாத்ததும் எனக்கே பயம் வந்துட்டு, கடைக் கதவைச் சாத்திட்டேன்.

மத்தியானம் மூணு மணி. நாளைக்குக் காலையில தாலி கட்டு.  கல்யாணத்தை இன்னொரு தடவை நடத்திக் காட்டுங்கன்னு யாருகிட்ட கேக்க முடியும்?

அப்பச் செண்பகம் சொல்லுதா, "மாடசாமிகிட்ட இதுக்குன்னே ஒரு வளையம் இருக்கு. ரெண்டு நிமிசம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

எங்கயாவது பேப்பர்ல படிச்சிருப்பா. அவனோட பேச்சுவார்த்தை அவளுக்கும் கிடையாது, எனக்குத் தெரியாம எப்படிப் பேசுவா. ஆனா போகணுமேன்னு நினைச்சப்ப எனக்கு லென்ஸைவிட அதுதான் பெரிய பாரமாத் தெரிஞ்சுது. போனா என் மானம் போச்சு, போகலைன்னா அந்தப் பொண்ணோட கல்யாணப் படம் போச்சு. கடைக்கும் வாசலுக்குமா பத்து தடவை நடந்தேன். நாலு மணிக்குப் பையை எடுத்தேன்.

அவன் கடை வாசல்ல போய் நின்னேன். அவன் தலையைத் தூக்கிப் பாத்தான். ஏன் வந்தீங்கன்னு கேப்பான், நல்லாக் குடுக்கணும்னு பதில் எல்லாம் தயாரா வச்சிருக்கேன். அவன், "வாங்க அத்தான்"னான். அவ்வளவுதான். என் பதிலெல்லாம் வீணாப் போச்சு.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்"னேன்.

"உக்காருங்க"ன்னான். டீ சொன்னான். சீனி கம்மியாச் சொன்னான், எனக்கு சுகர் இருக்குல்லா. டீ குடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தோம். டம்ளரை வச்சதும், "பில்டரா அத்தான்?"னு கேட்டான். நான் பையைத் தொறக்கக்கூட இல்ல.

மேசைக்குள்ளேருந்து எடுக்கான் ஒரு சாமானை. என்னமோ பெரிய கருவியா இருக்கும்னு பாத்தா, ரெண்டு பிளாஸ்டிக் வளையம். கறுப்பா, ஒரு பக்கம் வாய் தொறந்து, உள்ளுக்குள்ள சின்னச் சின்ன பல்லு. பொம்பளைப் பிள்ளைங்க வளையலை உடைச்ச மாதிரி இருக்கு. பில்டர் ரெஞ்சாம். அதுல ஒண்ணை பில்டர் ஓரத்துல மாட்டினான். சுத்திலும் ஒரே அளவா, மெத்துன்னு பிடிச்சான். எம்மாதிரி தம் கட்டல, பல்லைக் கடிக்கல. கொஞ்சம் திருப்பினான். டக்குன்னு ஒரு சத்தம். வந்துட்டு.

காலையிலேருந்து நான் மல்லுக்கட்டினது, தம்பி. நான் முக்கால்வாசி லூஸாக்கி வச்சிருந்தேன், அதனாலதான் அவனுக்கு வந்துது. அதை அவங்கிட்டயும் சொன்னேன். "ஆமா அத்தான்"னான்.

பில்டரைக் கவுத்து ஒரு தட்டு தட்டினான். மஞ்சளா பொடி உதிர்ந்துச்சு. விரல்ல தொட்டு மூக்குக்கிட்ட கொண்டு போனான். என்னை ஒரு பார்வை பாத்தான்.

"ஆயுத பூஜைக்கு நீங்களே பொட்டு வச்சீங்களா?"

"பின்ன, யார் இருக்கா வைக்க?"

அவன் பழைய டூத் பிரஷ் ஒண்ணை எடுத்தான். புரியைச் சுத்திச் சுத்தித் தேய்ச்சான், ஊதினான், மறுபடி தேய்ச்சான். அப்புறம், "அருவி ஈரம்தான் அத்தான். வேற ஒண்ணுமில்ல"ன்னான். பாத்தீங்களா? தொழில் தெரிஞ்சவன் சொல்லுதான், அருவி ஈரம். அதனாலதான் உங்களுக்கும் சொல்லுதேன், குத்தாலத்துல எச்சரிக்கையா இருங்க.

இலஞ்சிக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. தாலி கட்டுற படம் ஒவ்வொண்ணும் கண்ணுல ஒத்திக்கலாம். அதோட விசயம் முடிஞ்சிருக்கணும்.

ஆனா பாருங்க, அடுத்த சனிக்கிழமையும் அந்த பில்டர் மாட்டிக்கிட்டு. நாலு மணிக்குப் போனேன். கழட்டிக் குடுத்தான். டீ குடிச்சேன். அதுக்கு அடுத்த வாரமும் மாட்டிக்கிட்டு. கார்த்திகையில அருவி ஈரம் ஜாஸ்திதான். நீங்க சிரிக்காதீங்க. நானா வேணும்னு முறுக்குவேன்? மாட்டும்போது கொஞ்சம் நல்லாவே மாட்டுவேன், அது என் வழக்கம். ஒரு சனிக்கிழமை மதியம் மாட்டிப் பாத்தா சுளுவாக் கழலுது. இது சரியில்லையேன்னு இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்கினேன். கண்ணாடி ஆடக் கூடாதில்லா.

ஒரு நாள் அவன் வளையத்தை வைக்குமுன்னாலயே, கை பட்டதும் பில்டர் கழண்டு வந்துட்டு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அவன் ஒண்ணும் காட்டிக்கல. "கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துச்சு"ன்னான். டீயைச் சொன்னான். அவனுக்கும் கண்ணு கொஞ்சம் மங்குதுன்னு நினைக்கேன்.

நாங்க என்ன பேசுவோம்? பெரிசா ஒண்ணுமில்ல. இந்த மண்டபத்துல வெளிச்சம் போதாது, அந்த வீட்டுக்காரங்க நூறு படம்னு பேசிட்டு முந்நூறு கேக்காங்க, இப்படித்தான். போன வேகத்துல வந்துருவேன். வீட்டுக்கு வந்தா செண்பகம், "அவன் மெலிஞ்சிருக்கானா?"ன்னு கேப்பா. "நான் எதுக்கு அவனைப் பாக்கப் போறேன், பில்டருக்குப் போனேன்"பேன். "வீட்டுக்கு ஒரு தடவை வரச் சொன்னா என்ன?"ம்பா. நான் எப்படிச் சொல்லுவேன்? எந்திரிச்சுப் போனவன் அவன். வரத் தெரியாதா? எனக்கு அந்த வார்த்தை வாய் வரைக்கும் வரும், அங்க வந்து நிக்கும், டீ சூடா இருக்குன்னு வேற எதையாவது சொல்லிருவேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அவன் ஒரு காரியம் பண்ணினான். ஒரு புது ரெஞ்ச், கவர் பிரிக்காம, என் முன்னாடி வச்சான். "அத்தான், இது உங்களுக்கு. வெயில்ல வாரா வாரம் நடந்து வர வேண்டாம் பாருங்க. வீட்டுலயே கழட்டிக்கலாம்"ங்கான்.

எனக்கு நெஞ்சுல யாரோ கையை வச்சுத் தள்ளின மாதிரி ஆயிட்டு. வராதேன்னு சொல்லுதான், தம்பி. மரியாதையாச் சொல்லுதான். நான் கேட்டேனா அதை? எந்திரிச்சுட்டேன். "எனக்கு பிளாஸ்டிக்கெல்லாம் சரிப்படாதுல. என் கையிலயே பலம் இருக்கு"ன்னேன். குரல் கொஞ்சம் உடைஞ்சுட்டு, தூசி. அவன் என்னையே பாத்தான். அப்புறம் அந்த ரெஞ்சை எடுத்து மேசைக்குள்ள போட்டு மூடிட்டான்.

"சரி அத்தான். அப்ப அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கே வந்துருங்க. அதுக்கு மேல வேற யாரையும் வரச் சொல்லல"ன்னான்.

ராஜபாளையம் தாண்டிட்டா? தாண்டிட்டு. சரி, முடிச்சிருதேன்.

போன சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. நாலு மணி ஆச்சு, அஞ்சு ஆச்சு. படுத்துக்கிட்டே கடிகாரத்தைப் பாக்கேன். எனக்கு ஒண்ணும் கவலை இல்ல, டீ சொல்லி வச்சிருப்பானே, ஆறிப் போகுமேன்னு அதுதான். ஏழு மணி இருக்கும், வாசல்ல பைக் சத்தம். செண்பகம் கதவைத் தொறந்தா. 

மாடசாமி நிக்கான். நடைக்கு வெளியே. ஏழு மாசம் ஆச்சு அவன் அங்க வந்து நின்னு. கையில அவனோட லென்ஸ்.

"அத்தான், இது மாட்டிக்கிட்டு. என்னால முடியல. நீங்க ஒரு பிடி பிடிச்சுப் பாருங்க."

"உன் ரெஞ்ச் எங்கல?"

"எங்கயோ வச்சுட்டேன், காணல."

பொறுப்பே கிடையாது, எப்பவும் இப்படித்தான். நான் அவனை உள்ள வான்னு சொல்லல. நான் படுத்திருக்கேன், லென்ஸ் என் கைக்கு வரணும்னா அவன் வந்துதானே ஆகணும். வந்தான். கட்டில் ஓரத்துல உக்காந்தான். வாங்கிப் பாத்தேன். தம்பி, புரியில கால் சுத்து கூட ஏறல. விரல் பட்டா விழுந்திரும். பதினோரு வருசம் எங்கிட்ட வேலை பாத்தவனுக்கு ஒரு பில்டரை மாட்டத் தெரியல.

  அடுப்படியில செண்பகம் இன்னொரு உழக்கு அரிசியைக் களையுற சத்தம் கேக்குது. நான் அந்த பில்டர் விழுந்திராம கட்டை விரலை அணை குடுத்துக்கிட்டு, பல்லைக் கடிச்சேன். தம் கட்டினேன். முறுக்குத மாதிரி முறுக்கினேன். முகமெல்லாம் வேர்த்துட்டு.

"ரொம்ப இறுகியிருக்கு, மாப்ள. இப்ப வராது. நீ கையைக் கழுவிட்டு வந்து உக்காரு, சாப்பிட்டுட்டு மெதுவாப் பாப்போம்"னேன்.